தூக்குவாளி அணியிலிருந்து பேசுகிறேன்

நடுவர் அவர்களுக்கும், சேகரத்துப் போதகர் ஐயரவர்களுக்கும், இரு அணித் தோழர்களுக்கும், மத்தியானம் சபையின் அசன விருந்துப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அத்தனை பேருக்கும் வணக்கம்.

துன்ப நாளில் விசுவாசத்தைக் காப்பது தனி ஜெபமா, சபையின் துணையா? இதுதான் இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. சபையின் துணையே என்று சொல்ல வந்திருக்கிறேன். ஐந்து குறிப்புகள் எழுதி எடுத்துவந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், கல்லூரிப் பேராசிரியர் ஐயா, ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் கை தட்டினீர்கள். "துன்பம் என்றதும் சபையார் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். தூக்குவாளியால் வயிறு நிறையும், விசுவாசம் நிறையுமா? எதிரே இருப்பது தூக்குவாளி அணி" என்றார்.

ஐயா, அந்தப் பெயரை எங்கள் அணி சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறது. என் குறிப்புத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். தூக்குவாளியைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் வேதத்திலிருந்து. எலியா சூரைச்செடியின் கீழே விழுந்து கிடக்கிறார். சாதாரண ஆளா? கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர். தனி ஜெபத்தில் அவரை மிஞ்ச யார் உண்டு? அப்படிப்பட்டவர், "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அதுவும் ஜெபம்தான். சாகக் கேட்கிற ஜெபம். அந்த ஜெபத்துக்குக் கர்த்தர் என்ன அனுப்பினார்? ஒரு பிரசங்கம் அனுப்பினாரா? "உன் விசுவாசம் எங்கே போயிற்று" என்று கேட்டாரா? ஒரு தூதன் வந்து அவரைத் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவையும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அந்தச் சாப்பாட்டின் பலத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனார் எலியா. கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டது பிறகுதான். அடை முதலில், சத்தம் அப்புறம். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். வீட்டுக்குப் போய்ப் படித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவைக் காட்டினார் ஐயா. மூன்று சிநேகிதர் வந்து புண்ணில் கோல் வைத்துக் குத்தினார்களே, அதுதானே சபையின் துணை என்றார். உண்மை, குத்தினார்கள். ஆனால் எப்போது குத்தினார்கள்? வந்தவுடனே இல்லை. இரவும் பகலும் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்களைப் போன்ற சிநேகிதர் உலகத்தில் இல்லை. வாயைத் திறந்தார்கள், கெட்டது. துக்க வீட்டில் எதைச் செய்யக்கூடாது என்பதற்கும் எதைச் செய்யவேண்டும் என்பதற்கும் அந்த மூன்று பேரே சாட்சி.

புனித தேவசகாயம் தனியாக நின்றாரே என்றார்கள். 1752-இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுடப்பட்டபோது தனியாகத்தான் நின்றார். ஆனால் அந்த விசுவாசம் அவருக்குள் எப்படி வந்தது? திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் நீலகண்டன் என்ற பெயரில் வேலை பார்த்த அவர், மாடு மடிந்து பயிர் கருகி மனம் உடைந்திருந்தபோது, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து யோபுவின் கதையைச் சொன்னார். சொன்னவர் டி லனாய். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி. ஊரை இழந்து, படையை இழந்து, பிடித்தவர்களிடமே வேலை பார்த்தவர். துன்பப்பட்ட ஒருவர் துன்பப்பட்ட இன்னொருவரிடம் கதை சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 2022-இல் புனிதர் பட்டம். தொடக்கத்தில் இருந்தது பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு மனிதர்.

டோனாவூரில் மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து, 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் படுக்கையோடு இருந்ததையும் எதிரணிச் சகோதரி சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது, எனக்கும் தொண்டை அடைத்தது. அந்த அறையில் ஜெபம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அறைக்கு வெளியே அவர் தூக்கி வளர்த்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் அவருடைய கல்லறைக்குப் பெரிய கல் நாட்டவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் ஒரே ஒரு சொல் எழுதினார்கள்: அம்மா. ஒரு பெண்ணைப் பிள்ளைகள் அம்மா என்று அழைக்கிற இடத்தில் அவர் தனியாக இருந்தார் என்று எப்படிச் சொல்வது?

நடுவர் மணியைப் பார்க்கிறார். சரி, தூக்குவாளிக்கு வருகிறேன்.

என் அப்பா பனையேறி. எனக்குப் பத்து வயது. பதநீர் இறங்குகிற காலம், பங்குனி மாதம். விடியும் முன்னே அப்பா போய்விடுவார். இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார். அன்றைக்கு மூன்றாவது பனையில் ஏறியவர் இறங்கிவரவில்லை, விழுந்தார். நான்கு பேர் கட்டிலில் தூக்கி வந்தார்கள். வீடு வந்து சேருமுன்னே உயிர் போய்விட்டது. அம்மா அப்போது பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்பு மூட்டிப் பதநீருக்காகக் காத்திருந்தார்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. வந்தவர்களெல்லாம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: தேவ சித்தம். ஒருவர் சொன்னால் அம்மா தலையை ஆட்டினார். பத்துப் பேர் சொன்னபோது குனிந்துகொண்டார். எத்தனையாவது ஆளோ, அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். எட்டாம் நாள் வேதாகமத்தை எடுத்து டிரங்குப் பெட்டியில் அப்பாவின் வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினார். அதற்குப்பின் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டு ஜெபம் இல்லை. எனக்குப் பரீட்சை என்றால்கூட நெற்றியில் கை வைத்து ஜெபித்து அனுப்பவில்லை. சபை உபதேசியார் இரண்டு தடவை வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், அவருக்கு வேறு என்ன தெரியும்?

எதிரணி நண்பர்களே, என் அம்மாவைப் பார்த்து "தனியாக ஜெபி" என்று சொல்லிப் பாருங்கள். எந்த வாயால் ஜெபிப்பார்?

பிறகு ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் ஆச்சி வந்தார். சொந்த ஆச்சி இல்லை. தெருக் கோடியில் இருந்தவர், அவரும் பனையேறியின் விதவை. கையில் தூக்குவாளி. ஐயா சிரிப்போடு சொன்னாரே, அதேதான். அலுமினியத் தூக்குவாளி. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். மூடி சரியாக உட்காராது, அதனால் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருப்பார். உள்ளே புழுங்கலரிசிக் கஞ்சி, மேல்தட்டில் காணத்துவையல். திண்ணையில் உட்கார்ந்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், கர்த்தருடைய ஜெபத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சத்தமாகச் சொல்வார். ஆமென். எழுந்து போய்விடுவார். தேவ சித்தம் என்று அவர் அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்டதில்லை.

ஒருநாள் இல்லை. ஒரு வாரம் இல்லை. பதினோரு மாதம். மழையில் வந்தார், கொடை நாளில் மேளச் சத்தத்துக்கு நடுவே வந்தார், அவருடைய மகள் வீட்டில் பேறுகாலம் நடந்தபோதும் ஓடி வந்து ஜெபத்தைச் சொல்லிவிட்டு ஓடினார். தினமும் மறுநாள் காலையில் தூக்குவாளியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இதைக் கேளுங்கள். முதல் மூன்று மாதம் அம்மா அதைக் கழுவாமலே கொடுத்தனுப்பினார். கஞ்சி காய்ந்து ஒட்டியிருக்கும். தூக்கிக்கொண்டு போக எனக்கு வெட்கமாக இருக்கும். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். அப்புறம் ஒருநாள் தூக்குவாளி கழுவி வந்தது. ஆச்சி அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் நிறைந்தது. அப்புறம் ஐப்பசி மாதத்தில் ஒருநாள், அம்மா அதற்குள் ஒரு துண்டு கருப்பட்டியைப் போட்டுக் கொடுத்தனுப்பினார். நம் ஊரில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோம். அந்த வழக்கம் அம்மாவுக்கு நினைவு வந்துவிட்டது.

இந்தக் கதையை நான் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன் என்று என் அணித் தோழருக்குத் தெரியும். இனியும் சொல்வேன். ஏனென்றால் அடுத்து வருவதைச் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது.

மாசி மாதம், பனி இறங்குகிற மாலை. ஆச்சிக்கு ஈளை. திண்ணையில் உட்கார்ந்து தொடங்கினார்: "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே." மூச்சு இரைத்தது. "உம்முடைய ராஜ்யம் வருவதாக." இருமல் வந்தது. "உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக." அவ்வளவுதான். மேலே பேச்சு வரவில்லை. இருமி இருமித் தூணைப் பிடித்துக்கொண்டார். நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். அப்போது அடுக்களைக்குள்ளிருந்து ஒரு குரல். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." அம்மா.

ஐயா, நீங்கள் வேதம் கற்றவர். சித்தம் என்ற வரியை அன்றைக்கு அம்மாவால் சொல்லியிருக்க முடியாது. அந்த வார்த்தைதான் அவர் வாயைக் கட்டியது. ஆகாரத்தைக் கேட்கிற வரியை அவரால் சொல்ல முடிந்தது. ஏன் முடிந்தது? பதினோரு மாதம் அந்த வரிக்குப் பதில் தினமும் நடந்து வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்ததே, அதனால். தூக்குவாளியால் விசுவாசம் நிறையுமா என்று கேட்டீர்கள். என் அம்மாவுக்கு நிறைந்தது. நான் பார்த்தேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. பவுலை மட்டும் தொட்டுவிட்டு முடிக்கிறேன். "விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்" என்ற வசனத்தை எதிரணி இரண்டு தடவை சொன்னது. இரண்டாம் தீமோத்தேயு, நாலாம் அதிகாரம். அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே வாருங்கள். "லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான்." துரோவாவில் கார்ப்புவிடம் வைத்துவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா. மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு. விசுவாசத்தைக் காத்துக்கொண்ட மகான், குளிருகிறது, போர்வை கொண்டுவா, சீக்கிரம் வா என்று பிள்ளைபோன்ற தீமோத்தேயுவிடம் கேட்கிறார். அந்த மேலங்கி போய்ச் சேர்ந்ததா என்று வேதத்தில் இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு அது பெரிய வருத்தம்.

இன்று பந்தியில் பலபேர் கேட்டீர்கள்: அம்மா வரவில்லையா, மகள் பேசுகிற நாளில் வராமல் இருக்கிறாரே என்று. இப்போது மணி ஆறரை. விளக்கு வைக்கிற நேரம். ஆச்சி இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறார், படுத்த படுக்கை. பேச்சு நின்று நான்கு மாதம் ஆகிறது. பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை. அம்மா தினமும் இந்த நேரத்தில் தூக்குவாளியோடு அங்கே போய்விடுவார். அதே தூக்குவாளிதான், மூடி இன்னும் உட்காராது. கட்டிலோரம் உட்கார்ந்து ஜெபத்தைத் தொடங்குவார். சித்தம் என்ற வரியை முழுதாகச் சொல்வார். அங்கே நிறுத்துவார். நிறுத்திவிட்டு, ஆச்சி முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்.

நேற்று நானும் போயிருந்தேன். அம்மா நிறுத்தினார். வெளியே ஒரு பஸ் போன சத்தம் அடங்குகிறவரை காத்திருந்தோம். ஆச்சியின் உதடு லேசாக அசைந்தது. அது ஜெபத்துக்கா, கஞ்சிக்கா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. கரண்டியை எடுத்து, ஊதி, ஊட்டத் தொடங்கினார்.