ஜிடிஏ 5 மாடிங்: ஆம்புலன்ஸ் ஏன் சிக்னல்ல நிக்குது?

[திரை: ஜிடிஏ 5 கேமில் வரும் லாஸ் சான்டோஸ் நகரச் சந்திப்பு. சிவப்பு விளக்கு. நான்கு கார்களுக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ்.]

இந்த ஆம்புலன்ஸைப் பாருங்க. சிக்னலுக்கு நிக்காதேன்னு ஸ்கிரிப்ட்ல, அதாவது கேமை மாத்த நான் எழுதின கோடுல சொல்லியிருக்கேன். ஆனாலும் நிக்குது. இதுல கேமோட தப்பு எதுவும் இல்ல, நான் சொன்னதை அது அப்படியே கேட்டுச்சு.

ஜிடிஏ 5 பிசிக்கு வந்தது 2015 ஏப்ரல்ல. ஸ்கிரிப்ட் ஹூக் விங்கிற கருவி இருந்தா, கேமுக்குள்ள இருக்கிற கட்டளைகளை நம்ம கோடுல இருந்தே கூப்பிடலாம். தனியா ஆடுற ஸ்டோரி மோடுல மட்டும்தான். ஆன்லைனுக்குப் போனா அது கேமையே மூடிடும்.

வண்டியை ஒரு இடத்துக்கு அனுப்புற கட்டளை, டாஸ்க் வெஹிகிள் டிரைவ் டு கோஆர்ட். யார் ஓட்டணும், எந்த வண்டி, எங்க போகணும், என்ன வேகம், எப்படி ஓட்டணும், எவ்வளவு கிட்டப் போனதும் நிக்கணும், இதெல்லாம் கொடுக்கணும். வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர்ங்கிற கணக்கு. 60-ன்னு போட்டா மணிக்கு 216 கிலோமீட்டர்ல பறந்து முதல் வளைவுலயே சுவத்துல மோதும். 60 கிலோமீட்டர் வேணும்னா 16.7 போடுங்க.

[திரை: பெரிய எழுத்தில் 786603]

'எப்படி ஓட்டணும்'ங்கிற இடத்துல பலரும் இந்த எண்ணைக் காப்பி பண்ணி ஒட்டிட்டுப் போயிடுறாங்க. பிரிச்சுப் பார்த்தா இதுக்குள்ள ஏழு பழக்கம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண். 1, முன்னாடி வண்டி இருந்தா நில்லு. 2, ஆள் குறுக்க வந்தா நில்லு. 8, அசையாம நிக்கிற வண்டியை ஒதுக்கிப் போ. 32, ரோட்டுல கிடக்கிற பொருளை ஒதுக்கிப் போ. 128, சிக்னல்ல நில்லு. 262144, குறுக்கு வழி இருந்தா எடுத்துக்கோ. 524288, அடைப்பு இருந்தா லேன் மாறு. கூட்டிப் பாருங்க, சரியா வரும். எல்லாமே இரண்டின் அடுக்குகள். அதனால எந்தப் பழக்கத்தைக் கழிச்சாலும் மத்தது கலையாது.

நான் 128-ஐ மட்டும் கழிச்சு 786475 கொடுத்தேன். காலியான சந்திப்புல ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போச்சு. இங்க முன்னாடி நாலு கார். அதுங்க சிக்னலுக்காக நிக்குது. நம்ம டிரைவர் அந்தக் கார்களுக்காக நிக்கிறார், ஏன்னா 1 இன்னும் உள்ள இருக்கு.

அதனால 1-ஐ எடுத்துட்டு, ஓடுற வண்டியையும் ஒதுக்கிப் போகச் சொல்ற 4-ஐச் சேர்த்தேன். எதிர்த் திசையில ஏறிப்போக 512. ஆட்களை ஒதுக்கிப் போக 16. மொத்தம் 787006. 2-ஐ மட்டும் நான் தொடலை. வேகத்துக்காக அதையும் எடுத்துடுற மாட் ஸ்கிரிப்டுகள் இருக்கு. உயிரைக் காப்பாத்தப் போற வண்டி வழியில ஒருத்தரை அடிச்சுப் போட்டுட்டுப் போறதை என்னால ஏத்துக்க முடியலை.

இன்னொரு விஷயம், இதுல நான் ரெண்டு ராத்திரி தவிச்சிருக்கேன். வண்டி கிளம்பவே இல்லை, அங்கேயே உதறிட்டு நின்னுச்சு. பார்த்தா, கட்டளையை லூப்புக்குள்ள, அதாவது திரும்பத் திரும்ப ஓடுற பகுதிக்குள்ள வச்சிருந்தேன். நொடிக்கு அறுபது தடவை 'கிளம்பு'ன்னு சொன்னா, ஒவ்வொரு தடவையும் டிரைவர் முதல்ல இருந்து ஆரம்பிப்பார். ஒரே தடவை சொல்லுங்க. வழியில பழக்கத்தை மாத்தணும்னா செட் டிரைவ் டாஸ்க் டிரைவிங் ஸ்டைல்ங்கிற கட்டளை போதும்.

ரொம்ப தூரம்னா, டாஸ்க் வெஹிகிள் டிரைவ் டு கோஆர்ட் கட்டளையோட லாங்ரேஞ்ச் வடிவத்தைப் பயன்படுத்துங்க. துப்பாக்கிச் சத்தம் கேட்டு டிரைவர் வேலையை விட்டுட்டு ஓடாம இருக்க, செட் பிளாக்கிங் ஆஃப் நான் டெம்பரரி ஈவன்ட்ஸ்ங்கிற கட்டளையை முன்னாடியே ஆன் பண்ணிடுங்க.

[திரை: அதே சந்திப்பு, 787006.]

இப்பப் பாருங்க. வரிசைக்கு வர்றதுக்கு முன்னாடியே இடது பக்கம் ஒடிச்சு, எதிர் லேன்ல ஏறிடுச்சு. அங்க ஒரு அம்மா ரோட்டைக் கடக்குறாங்க. பிரேக் விளக்கு எரியுது. அவங்க தாண்டினதும், நேரா பில்பாக்ஸ் ஹில் ஆஸ்பத்திரிக்கு.