ரிப்போர்ட்டில் ஒரு தடித்த எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். நான் இன்று பேசப்போகும் நோயின் பெயரைக் கேட்டதும் சில வீடுகளில் வானொலியின் ஒலியைக் குறைப்பார்கள். குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹெர்ப்பிஸ்தான் அந்த நோய். நோயைவிட, அதற்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனையைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருந்தவன் நான். எனக்கு மனிதர்களைவிட அவர்களுடைய ரத்தம்தான் பழக்கம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அக்கி என்றால் உங்களுக்குத் தெரியும். இடுப்பிலோ மார்பிலோ ஒரு பக்கமாக மட்டும் வரிசையாகக் கொப்புளம் கிளம்பும், நெருப்புப் போல எரியும். என் சிறு வயதில் குயவர் வீட்டுக்குப் போய், காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறும் நோய் அது. குணமாக்கிய பெருமை காவிக்குப் போய்விடும். இந்த அக்கிக்கு மருத்துவர்கள் எழுதும் பெயர் ஹெர்ப்பிஸ் ஜோஸ்டர். சின்னம்மை வந்து போன பிறகு நரம்பில் ஒளிந்துகொண்ட கிருமி, வயதான காலத்தில் எழுந்து வருவதுதான் அது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவருக்கு எழுபது வயதுக்கு மேல் அக்கி வந்தது. மருந்துச் சீட்டில் இருந்த முதல் சொல்லை மட்டும் மருமகன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டார். பால்வினை நோய் என்று வந்திருக்கிறது. பாவம், அந்தப் பெரியவரைப் பத்து நாள் வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. எரிச்சலைவிட அதுதான் அவருக்கு வலித்ததாம்.

நாம் பேசுவது வேறு கிருமி, ஹெர்ப்பிஸ் சிம்ப்ளக்ஸ், சுருக்கமாக எச்.எஸ்.வி. அதில் இரண்டு வகை. ஒன்றாம் வகை பெரும்பாலும் உதட்டோரம் கொப்புளமாக வரும். காய்ச்சல் விட்ட மறுநாள் வாயோரத்தில் கொத்தாகப் பொரிந்திருந்தால், தூங்கும்போது பூச்சி ஓடிவிட்டது என்று பாட்டி சொல்வார் அல்லவா, அந்தப் பூச்சிதான் இது. குழந்தையைக் கொஞ்சும் ஒரு முத்தத்தில் தொற்றிவிடும். உலகில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்புப் பகுதியில் வரும். உடலுறவு வழியாகப் பரவும். ஒன்றாம் வகையும் அங்கே வரலாம். இரண்டும் உடலுக்குள் நுழைந்தால் நரம்பு முடிச்சில் தங்கிவிடும். பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு கொப்புளம்கூட வருவதில்லை.

இப்போது என் மனத்தை விட்டு நீங்காத ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடிதான் சொல்வேன். அந்தப் பெண்ணுக்குப் பத்தாவது வாரத்தில் கரு கலைந்திருந்தது. எங்கோ ஒரு தனியார் ஆய்வகத்தில் டார்ச் பரிசோதனை எடுத்திருந்தார்கள். கரு கலைந்தால் நம் ஊரில் வழக்கம் போல எழுதிக் கொடுக்கும் பரிசோதனை அது. நாலைந்து கிருமிகளை ஒரே ரத்தத்தில் தேடும், ஹெர்ப்பிஸும் அதில் ஒன்று. மஞ்சள் பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்தேன். எச்.எஸ்.வி. ஒன்று மற்றும் இரண்டு, ஐ.ஜி.எம்., 1.24, பாசிட்டிவ். பாசிட்டிவ் என்ற சொல் மட்டும் தடித்த எழுத்தில். அதற்கடியில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க வேண்டிய பொடி எழுத்தில், 1.1க்கு மேல் பாசிட்டிவ் என்று இருந்தது.

கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் இருபது நாள் வெளியூர். மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் மீது மனைவிக்குச் சந்தேகம். மாமியாருக்கு மருமகள் மீது சந்தேகம். இருவரும் என் அறையில் இரண்டு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கரு கலைந்த துக்கம் ஒரு பக்கம் கிடக்க, ஒரு தாள் வீட்டைப் பிரித்து வைத்திருந்தது.

"அம்மா, எப்போதாவது புண், கொப்புளம் வந்ததுண்டா?" என்று கேட்டேன். கீழே எதுவும் வந்ததில்லை. சின்ன வயதில் உதட்டில் அடிக்கடி வரும், பூச்சி ஓடியது என்று அப்பத்தா வேப்பிலை அரைத்துப் போடுவார் என்றார். எனக்குப் பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. இரண்டு வகையையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும் ஐ.ஜி.ஜி. பரிசோதனையை இருவருக்கும் செய்தோம். ஐ.ஜி.ஜி. என்பது கிருமியை எதிர்க்க உடல் சுரந்து, ரத்தத்தில் நெடுநாள் தங்கும் எதிர்ப்பொருள். இருவருக்கும் ஒன்றாம் வகை பாசிட்டிவ், இரண்டாம் வகை நெகட்டிவ். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தோம். அதே முடிவு. அதாவது, ஊரில் பாதிப் பேரிடம் இருக்கும் உதட்டுக் கொப்புளக் கிருமி இருவரிடமும் இருந்தது. அவ்வளவுதான் கதை. விளக்கிச் சொல்லி முடித்ததும் கணவர் கேட்ட முதல் கேள்வி: "அப்போ அந்த டார்ச்சுக்குக் கட்டின பணத்தைத் திருப்பித் தருவாங்களா சார்?"

ஐ.ஜி.எம். என்பது தொற்று வந்த புதிதில் உடல் சுரக்கும் எதிர்ப்பொருள் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பல நோய்களுக்கு அது சரி. ஹெர்ப்பிஸுக்கு அந்தப் பாடம் உதவாது. பழைய கிருமி மறுபடி தலைதூக்கும்போதும் ஐ.ஜி.எம். வரலாம். எந்த வகை என்றும் அது பிரித்துச் சொல்லாது. சில நேரம் வேறு ஏதோ ஒன்றைப் பார்த்துக்கூடக் கையைத் தூக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்கிறது. இதை நான் கல்லூரியில் சொன்னேன், கூட்டங்களில் சொன்னேன், கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லி என் மனைவியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இன்னொரு முறையும் சொல்கிறேன்: ஹெர்ப்பிஸ் ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் யாரையும் சந்தேகப்படாதீர்கள்.

ஐ.ஜி.ஜி. மட்டும் தங்கமா என்று கேட்டால், அதுவும் உரசிப் பார்க்க வேண்டிய தங்கம்தான். தெருவில் ஒரு நாய் இருக்கிறது. திருடன் வந்தால் கட்டாயம் குரைக்கும். ஆனால் பால்காரரைப் பார்த்தும் எப்போதாவது குரைக்கும். திருடர் மலிந்த ஊரில் அது குரைத்தால் தடியை எடுக்கலாம். திருட்டே இல்லாத ஊரில் அது குரைத்தால், வந்தது பெரும்பாலும் பால்காரர்தான். கணக்காகவும் சொல்கிறேன், விரல் விட்டுக்கொள்ளுங்கள். நூறு பேரில் ஐந்து பேருக்கு இரண்டாம் வகைக் கிருமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்த ஐந்து பேரையும் பிடித்துவிடுகிறது. மீதித் தொண்ணூற்றைந்து பேரில் ஐந்து பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது. இப்போது பாசிட்டிவ் தாளோடு நிற்பவர்கள் பத்துப் பேர். அதில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. நாய் மோசமான நாய் அல்ல, ஊர் அப்படி.

அதனால்தான் எண்ணைப் பாருங்கள் என்கிறேன். அதிகம் புழங்கும் பரிசோதனைகளில், இரண்டாம் வகை ஐ.ஜி.ஜி. 1.1க்கு மேலே, 3க்குக் கீழே இருந்தால் அதை முடிவாகக் கொள்ளக்கூடாது. வேறு முறையில் இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். 8, 10 என்று வந்தால் விஷயம் வேறு. அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். நெகட்டிவ் என்று வந்தாலும், போன வாரம் பயப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் அந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை. எதிர்ப்பொருள் ஊற நாளாகும். பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்தால்தான் நம்பலாம். இன்னொன்று, யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு வந்தது என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டு ரிப்போர்ட்டோடு வந்தவர்கள் உண்டு. ரிப்போர்ட்டுக்குத் தேதி தெரியாது.

புண் இருந்தால் ரத்தத்தை விட்டுவிடுங்கள், புண்ணைக் காட்டுங்கள். கொப்புளம் ஈரமாக இருக்கும்போதே பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து, கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்தால் கிருமி இருக்கிறதா, எந்த வகை என்று அதுவே சொல்லிவிடும். வெட்கப்பட்டு ஒரு வாரம் மறைத்து, மெடிக்கலில் ஏதோ களிம்பு வாங்கிப் போட்டு, பொருக்குத் தட்டிய பிறகு வந்தால் எங்களுக்குக் கிடைப்பது வெறும் பொருக்குதான். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு வழக்கமாக இந்த ரத்தப் பரிசோதனை செய்யவே வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016இல் சொன்னது, 2023இல் மறுபடி சொன்னது. கர்ப்பிணிகளுக்கும் சேர்த்துத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். கர்ப்பிணிகளுக்காக வைத்திருந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கோ கணவருக்கோ முன்பு அந்த இடத்தில் கொப்புளம் வந்திருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே தொற்று இருக்கும் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு குறைவு. 36ஆம் வாரத்திலிருந்து கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை கொடுப்பார்கள். கடைசி மூன்று மாதத்தில் முதன்முறையாகத் தொற்றுவதுதான் ஆபத்து. பிரசவ வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் அறுவை சிகிச்சைப் பிரசவம்தான். வாழ்க்கைத் துணையிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அது சட்டைப் பையிலேயே இருக்கிறது. நிலையத்தார் இன்னொரு நாள் அழைத்தால் படிக்கிறேன். வணக்கம்.