முதல் இரண்டு நிமிடம் காதுக்கு

நேயர்களுக்கு வணக்கம். செங்கோட்டைப் பக்கம் ஸ்டுடியோ வைத்து, கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை என்று பல வருஷம் வீடியோ எடுத்தவன் நான். கடையை இப்போது தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். அதனால் சுற்றுவட்டாரத்தில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், படிக்கிற பிள்ளைகள் படம் எடுக்கக் கிளம்பினால் நானும் கூடப் போவேன். வாத்தியாராக இல்லை. லைட் பிடிக்க, கூட்டத்தை விலக்க, தெரிந்த இடத்தில் அனுமதி கேட்டுக் கொடுக்க. அப்படிப் பார்த்ததைச் சொல்லுங்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். சத்தம், கதை, டைட்டில் என்று மூன்றாகப் பிரித்து எழுதி வந்திருக்கிறேன். மூன்றுக்கும் நேரம் இருக்குமா, பார்ப்போம்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுப்பார்கள். முழுப்படம் எடுக்கவேண்டாம். ஒரு படம் இருக்கிறது என்று வைத்துக்கொள், அதன் முதல் 2 நிமிடத்தை மட்டும் எடுத்துக் காட்டு, டைட்டிலோடு. கேட்க லேசாக இருக்கும். ஆனால் பத்துக் குழு எடுத்தால் ஏழெட்டுக் குழு அலாரத்தில்தான் ஆரம்பிக்கும். செல்போன் அலறும், போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அதை அமுக்கும், பையன் எழுந்து பல் தேய்ப்பான், அம்மா காபி கொடுப்பார். அதற்குள் ஒன்றரை நிமிடம் போய்விடும். ஏன் தம்பி அலாரம் என்று கேட்டால், நாள் அப்படித்தானே சார் ஆரம்பிக்கும் என்பார்கள். நாள் அப்படி ஆரம்பிக்கட்டும், படம் ஏன் அப்படி ஆரம்பிக்கவேண்டும்? எனக்கு வேறொரு சந்தேகமும் உண்டு. தூங்குகிறவனுக்கு நடிப்பு வேண்டியதில்லை.

அலாரம் இல்லாவிட்டால் ட்ரோன். மலையைக் காட்டுவார்கள், வயலைக் காட்டுவார்கள். எங்கள் பக்கம் மலைக்கும் வயலுக்கும் என்ன பஞ்சம்? ஆனால் ட்ரோன் எடுத்த காட்சிக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. அதன் விசிறி இரைச்சலைத் தூக்கி எறிந்துவிட்டு, மேலே ஏதாவது இசையைத்தான் ஒட்டவேண்டும். ஆக, படம் தொடங்கும்போதே காதுக்கு வேலை இல்லை. நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இந்தக் காது விஷயம்தான். பார்க்கிறவர் முதல் 2 நிமிடத்தில் கண்ணைவிடக் காதை அதிகம் நம்புகிறார். படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லை என்றால் அடுத்த நிமிடம் பக்கத்து ஆளிடம் பேசத் தொடங்கிவிடுவார். கல்யாண வீடியோவிலேயே எத்தனை பேர் வந்து கேட்டிருக்கிறார்கள், தாலி கட்டும்போது மேளச் சத்தம் ஏன் கரகரங்குது என்று!

ஒரு குழுவின் கதையைச் சொல்கிறேன். லாரியில் கிளீனராக வருகிற பையன் ஒருவன் பிரானூர் பார்டரில் இறங்குகிறான். காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு மர மில்லுக்குள் நுழைகிறான். அவ்வளவுதான் அவர்களுடைய 2 நிமிடம்.

வெளியூர் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பிரானூர் பார்டர் என்றதும் பலருக்குப் புரோட்டாவும் கோழியும்தான் ஞாபகம் வரும், தப்பில்லை. ஆனால் அங்கே நின்று பார்த்தால் மாநில எல்லை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம். ஊருக்குள் நுழைகிற தோரண வாயிலில் இன்றைக்கும் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருக்கிறது. அன்றைக்குப் பிரானூர்தான் பார்டர். அப்புறம் எல்லை புளியரையைத் தாண்டி மலைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் போக மறுத்து அங்கேயே நிற்கிறது. மலையாளக் கரையிலிருந்து தடி வந்து இறங்கி, இறங்கி, சாலையோரம் மர மில்லும் மரக்கடையுமாகவே ஆகிவிட்ட இடம் அது.

மில் என்றால் என்ன சத்தம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் முந்தின நாள் போய்ப் பார்த்து, இடம் அருமை, மரத்தூள் பறக்கிறது, வெளிச்சம் கம்பி கம்பியாக விழுகிறது என்று குதித்தார்கள். காது கொடுத்துக் கேட்டது ஒரே ஒரு பையன், சத்தப்பதிவுக்கு இருந்தவன். அவன் முகம் மட்டும் வாடியிருந்தது. இங்கே பேசினால் ஒன்றும் கேட்காது சார் என்றான். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று மில்லுக்காரரிடம் போனோம்.

“மிசினை நிறுத்தவா? கரண்டு இருக்கையில நிறுத்தச் சொல்லுதீங்களே தம்பி. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்துவோம். அப்ப வந்து என்ன வேணா எடுத்துக்கிடுங்க.”

நல்ல மனுஷர்தான். ஆனால் கேமரா பிடித்த பெண் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே மலை. சாயங்கால வெயில் சீக்கிரம் மலைக்குப் பின்னால் போய்விடும். நல்ல சாய்வெளிச்சம் வேண்டுமானால் காலைதான். மதியம் ஒரு மணிக்கு எடுத்தால் சூரியன் உச்சியில். கண்ணுக்குக் கீழே கருப்பாக நிழல் விழும், பையன் நோயாளி மாதிரித் தெரிவான் என்றாள். காலையில் எடுத்தால் ஒரு வசனமும் தேறாது என்றான் சத்தப் பையன். இரண்டு பேர் சொன்னதும் சரி. அதனால்தான் சண்டை முடியவில்லை. டைரக்டர் பையன் நடுவில் நின்று என்னைப் பார்த்தான். நான் டீ குடிக்கப் போய்விட்டேன். அவர்கள் சண்டையை அவர்களே தீர்த்தால்தான் அது அவர்கள் படம்.

அவர்களே தீர்த்தார்கள். காலையில் படம் மட்டும். பேச வேண்டிய வசனத்தையெல்லாம் எடுத்துவிட்டு, பையன் வாய் திறக்காமல் வருகிற மாதிரி மாற்றினார்கள். எழுதி வைத்திருந்த வசனம் என்ன தெரியுமா? அண்ணன் எப்போது காணாமல் போனான், அப்பாவுக்கு என்ன வியாதி, வீட்டில் எவ்வளவு கடன், எல்லாமே. படத்தின் தொடக்கம் மட்டும்தானே எடுக்கிறோம், பார்க்கிறவர்களுக்குப் புரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயத்தில் முழுக்கதையையும் அதிலேயே கொட்டிவிட்டார்கள். மில் சத்தம் அதை அடித்துத் துடைத்துவிட்டது. மிஞ்சியது இதுதான்: பையன் ஒரு போட்டோவை ஒருவரிடம் காட்டுகிறான். அவர் பார்க்கிறார், தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை, மிஷினைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார். போட்டோவில் யார் என்று நமக்குக் காட்டவே இல்லை. கதையைப் பற்றிப் பேச நான் எழுதி வந்த பாதி இதிலேயே அடங்கிவிட்டது. ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் பதிலை வைத்துக்கொள்ளவேண்டும்.

மதியம் ஒரு மணிக்கு மிஷின் நின்றது. அப்போது கேட்டவை இருக்கிறதே, காலையில் அங்கே இருந்ததாகவே எங்களுக்குத் தெரியாது. தூக்குச்சட்டி மூடி திறக்கிற சத்தம். வெயிலில் தகரக்கூரை விரிந்து டிக், டிக் என்கிற சத்தம். வடக்கேயிருந்து வந்த தொழிலாளி ஒருவர் மூலையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனில் பேசுகிற குரல், பாஷை புரியாவிட்டாலும் பிள்ளையோடு பேசுகிறார் என்பது புரிந்தது. சத்தப் பையன் அத்தனையும் பதிவு செய்தான். கடைசியில் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் சும்மா அந்த இடத்தை மட்டும் பதிந்தான். இதைத் தொழிலில் ஆம்பியன்ஸ் என்பார்கள். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே வெட்டி ஒட்டும்போது இது அடியில் ஓடவேண்டும். இல்லாவிட்டால் ஒட்டு தெரியும்.

அப்புறம்தான் விஷயம். சாப்பாடு முடிந்து மிஷினைப் போட்டார்கள். பேண்ட் சா, அதாவது தடி அறுக்கிற பட்டைவாள் மிஷின், ஓட ஆரம்பிக்கிற சத்தத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கீழே முனகலாகத் தொடங்கி மேலே, மேலே ஏறி ஒரு சுருதியில் நிற்கும். தடி வந்து வாளில் பட்டதும் சுருதி சட்டென்று இறங்கும். வாள் தடியைத் தாண்டி வெளியே வந்ததும் மறுபடி ஏறும். அந்தப் பையன் ரெகார்டரை அணைக்காமல் வைத்திருந்தான். அதுதான் படத்தின் தொடக்கம் ஆயிற்று. திரை முழுக்கக் கருப்பு. முனகல் ஏறுகிறது. தடியில் பட்டுச் சுருதி இறங்குகிற இடத்தில் பையன் முகம்.

கல்லூரியில் போட்டுக் காட்டியபோது கருப்பைப் பார்த்ததும் பின்வரிசையில் ஒருவன், “புரொஜெக்டர் போயிருச்சு சார்!” என்று கத்திவிட்டான். ஆசிரியர் எழுந்து போய் வயரை ஆட்டிப் பார்த்தார். அதற்குள் முகம் வந்துபோய்விட்டது. சிரிப்பான சிரிப்பு. மறுநாளே கருப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். கூடவே மூலையில் தயாரிப்புக் குழுவின் பெயரைச் சின்னதாகப் போட்டார்கள். ஏதோ ஓடுகிறது என்று தெரிந்தால் போதும், ஜனங்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.

இதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டாம். இரண்டு போன் போதும். ஒன்று படத்துக்கு, இன்னொன்று சத்தத்துக்கு. சத்தம் பதிகிற போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, நடிப்பவர் சட்டைப்பையில், மைக் ஓட்டை மேலே பார்க்கிற மாதிரி வையுங்கள். பெரும்பாலான போனில் மைக் கீழே சார்ஜர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் தலைகீழாக வைக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் கேமரா முன்னால் ஒரு கைதட்டு. பிறகு எடிட்டிங்கில் கை சேர்கிற படத்தையும் ‘டப்’ என்கிற சத்தத்தையும் பொருத்தினால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும். இன்னொன்று, எங்கள் பக்கம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும். ஆடியில் வெளியே நின்று பதிந்தால் மைக்கில் புஸ் புஸ் என்பதைத் தவிர ஒன்றும் விழாது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மைக் மேல் பஞ்சுரோமத் துணி ஒன்றைச் சுற்றுங்கள். குழந்தைகளின் கரடிபொம்மைத் துணியே போதும், பொம்மைக்காரக் குழந்தையிடம் சொல்லிவிட்டு வெட்டுங்கள்.

சத்தத்தை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி ஒட்டுவதில் ஒரு ஆபத்து உண்டு. இன்னொரு குழு எங்கள் ரயிலை வைத்துத் தொடங்கியது. கதை 1990களில் நடக்கிறது. கொல்லம் – செங்கோட்டைப் பாதை 1904-இல் வந்த மீட்டர்கேஜ். அகலப்பாதையாகி முழுக்க ஓட ஆரம்பித்தது 2018-இல்தான். பிள்ளைகள் எங்கிருந்தோ ஒரு எஞ்சின் ஹாரனை இறக்கிப் போட்டுவிட்டார்கள், அந்தக் காலத்தில் இந்தப் பாதையில் ஓடாத பெரிய மின்சார எஞ்சின் சத்தம். பார்க்க வந்திருந்த ஓய்வுபெற்ற ரயில்வே தாத்தா ஒருவர் முதல் ஹாரனிலேயே, “இது நம்ம வண்டி இல்ல” என்றார். அதற்குப் பிறகு படத்தில் வந்த எதையும் அவர் நம்பவில்லை. அந்தப் பாதையில் இருக்கிற, பதிமூன்று வளைவுள்ள கண்ணறைப் பாலத்தை எவ்வளவு அழகாக எடுத்திருந்தார்கள், பிரயோஜனம் இல்லை. இப்படிப்பட்ட தாத்தாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எடுக்கும் முன்பே ஒருவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

பேச்சும் அப்படித்தான். மலையாளி வேஷம் என்றால் ஓ, எந்தா என்று இழுத்து ஒரு கோமாளியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஆரியங்காவு டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். கடைக்காரர் மலையாளத்தில் ஆரம்பித்து, நம் முகத்தைப் பார்த்துத் தமிழில் முடிப்பார். லாரி டிரைவரோ தமிழில் ஆரம்பித்து அங்கே போய் முடிப்பார். யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. எடுக்கிறவர்கள் அங்கே போய் டீ குடிக்கவேண்டும், வேறு வழி இல்லை.

டீக்கடை என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் திரையில் கோடு கோடாக ஓடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விழுகிற நேரத்தை, ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் வைத்தால் கோடு போய்விடும். சினிமா என்றால் நொடிக்கு 24 பிரேம் என்று பிடிவாதம் பிடிக்காமல் 25 வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. இரண்டு பேர் பேசும்போது கேமராவை எந்தப் பக்கம் வைப்பது என்றும் ஒரு விதி உண்டு. அதைப் பலகையில் கோடு போட்டுத்தான் சொல்லமுடியும், இங்கே வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். டைட்டிலை ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிடுகிறேன். யாருமே புகைபிடிக்காத படத்தில் புகையிலை எச்சரிக்கை எதற்கு? தியேட்டர் படங்களுக்கு 2012 அக்டோபரில் வந்த விதி அது. பெரிய படத்தில் பார்த்ததை அப்படியே எடுத்து வைக்கிறார்கள், அதிலேயே கால் பங்கு நேரம் போய்விடுகிறது. எழுத்து மெலிசாக இருந்தால் போன் திரையில் புள்ளி காணாமல் போகும், ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும். சில எடிட்டிங் மென்பொருளில் தமிழ் சரியாக ஏறாது, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். அவசரத்தில் அதைக் கவனிக்காமலே விட்டுவிடுவார்கள். டைட்டிலை ஏற்றியதும், படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, கையை நீட்டிப் பிடித்தபடி சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே திக்குகிறாரோ அங்கே எழுத்தைப் பெரிதாக்குங்கள். நேரம் முடிந்தது, வணக்கம்.