தீக்குச்சி அடைத்த கிடாரும் ஆறு சுவிட்சுகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிடார் செய்யப்போகிறேன் என்பவர்கள் முதலில் விசாரிப்பது மரத்தைப் பற்றித்தான். மஹோகனியா, மேப்பிளா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒயரிங் பற்றிக் கேட்பவர் அபூர்வம். ஆனால் வீட்டில் செய்த கிடார்களிலேயே பெரும்பெயர் பெற்ற ஒன்றின் குரலில் ஒயரிங்குக்குத்தான் பெரிய பங்கு என்பேன்.

குவீன் இசைக்குழுவின் பிரையன் மே வாசிக்கும் ‘ரெட் ஸ்பெஷல்’தான் அது. 1963இல், பள்ளி மாணவராக இருந்தபோது, லண்டனை ஒட்டிய ஃபெல்தமில் அப்பா ஹரால்டோடு சேர்ந்து அதைத் தொடங்கினார். ஹரால்ட் மின்னணுப் பொறியாளர், வீட்டு டி.வி.யையே தன் கையால் செய்தவர். கிடாரின் கழுத்துக்குப் பழைய குளிர்காயும் அடுப்பின் மஹோகனிச் சட்டம் கிடைத்தது. புழு அரித்த துளைகளைத் தீக்குச்சி சொருகி அடைத்தார்கள். உடலுக்கு ஒரு பழைய மேசையின் ஓக் மரம், மேலே ஒட்டியது மெல்லிய மஹோகனித் தகடு, அதாவது வினீர்.

பூச்சுக்கு ரஸ்டின்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் கோட்டிங். கெட்டிப்படுத்தும் திரவத்தைக் கலந்து, பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, மறுபடி பூசுகிற வகை. வினீர் ஒட்டிய உடலில் கை கொஞ்சம் அழுத்தினாலும் விளிம்பில் வினீருக்கு அடியில் உள்ள மரம் எட்டிப் பார்த்துவிடும். இங்கே அவசரக்காரருக்கு வேலையில்லை.

சரி, ஒயரிங்குக்கு வருவோம். நாணின் அதிர்வை மின்சைகையாக மாற்றுவது பிக்கப். முதலில் காந்தமும் செப்புக் கம்பியும் வைத்து பிரையனே பிக்கப்புகள் செய்தார். நாணை வளைத்து வாசித்தபோது ஒலி ஒழுங்காக வரவில்லை. அதனால் பர்ன்ஸ் டிரை-சானிக் பிக்கப்புகள் மூன்றை வாங்கி, உள்ளே அரால்டைட் பசையை ஊற்றினார். உள்ளிருக்கும் கம்பிச் சுருள் அதிர்ந்து ஆம்பில், அதாவது ஒலிபெருக்கியில், கீச்சிடாமல் இருக்கத்தான் இந்த வைத்தியம்.

பெரும்பாலான கிடார்களில் பிக்கப்புகள் பக்க இணைப்பில் இருக்கும். இவர் தொடரிணைப்பில் போட்டார். ஒலி கனத்து, சத்தமும் கூடியது. ஆனால் தொடரிணைப்பில் ஒரு வம்பு உண்டு. திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் எல்லாமே அணைவதைப் போல, ஒரு பிக்கப்பைத் துண்டித்தால் கிடாரே ஊமையாகிவிடும். ஆகவே ‘ஆஃப்’ சுவிட்ச் பிக்கப்பைத் துண்டிக்கக் கூடாது. அதைத் தாண்டிப் போக மின்சாரத்துக்கு ஒரு குறுக்குவழி தர வேண்டும்.

ஒவ்வொரு பிக்கப்புக்கும் இன்னொரு சுவிட்சும் உண்டு, கட்டத்தை (ஃபேஸ்), அதாவது மின் அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாகத் திருப்புவதற்கு. ஆக மொத்தம் ஆறு. இரண்டு பிக்கப்புகளில் ஒன்றைத் திருப்பிவிட்டால், இரண்டுக்கும் பொதுவான ஒலி பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது மூக்கால் பாடுவது போன்ற மெல்லிய, கூர்மையான குரல். கூட்டத்தில் எந்தக் கருவிக்கும் அடங்காது.

இதை நீங்களும் செய்யலாம். ஆறு கால் உள்ள சிலைடு சுவிட்ச் வாங்குங்கள். நடுக்கால் இரண்டிலும் பிக்கப்பின் ஒயர்கள். நான்கு மூலைகளையும் பெருக்கல் குறி போலக் குறுக்கே இணைத்து, ஒரு முனையின் இரண்டு கால்களிலிருந்து வெளியே எடுங்கள். அதற்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில பிக்கப்புகளில் உலோக மூடியும் சுருளின் ஒரு முனையும் சேர்ந்தே இருக்கும். அப்படியே திருப்பினால், மூடியில் விரல் பட்டதும் ஆம்ப் உறுமும். மூடியைச் சுருளிலிருந்து பிரித்து, தனி ஒயரில் எர்த்தோடு சேர்த்துவிட்டு, அப்புறம் சால்டரிங் அயர்னைச் சூடாக்குங்கள்.