பத்துப் பக்கங்களாகக் கேட்க வேண்டிய பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

1985ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் ஐந்து இசைத்தட்டுகளை ஒரே பெட்டியில் அடுக்கி வெளியிட்டது. பெட்டியின் பெயர் 'பயோகிராஃப்'. தாமே எழுதித் தாமே பாடும் பாப் டிலனின் 53 பதிவுகள் அதில் இருக்கின்றன. மிகப் பழையது 1961இல் பதிவானது, கடைசியானது 1981இல். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கு முன் வெளிவராதவை. பாடல்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தியவர் ஜெஃப் ரோசன். டிலனிடம் பேசி, கூடவே வரும் குறிப்பேட்டை எழுதியவர் கேமரன் குரோ.

இந்தப் பெட்டியைக் கேட்ட பலர், 'வரிசை குழம்பிக் கிடக்கிறது' என்று சலித்துக்கொள்வார்கள். பாடல்கள் ஆண்டு வரிசையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது குழப்பம் அல்ல. அலகு எது என்று தெரிந்தால் வரிசை தானாகத் தெளியும். இங்கே அலகு ஆண்டு அல்ல, சிடியும் அல்ல. இசைத்தட்டின் ஒரு பக்கம்தான் அலகு. ஐந்து தட்டு, பத்துப் பக்கம், பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிடம்.

முதல் பக்கத்தைப் பாருங்கள். ஐந்து பாடல்கள், ஐந்தும் காதலைச் சுற்றியவை. 'லே லேடி லே' 1969இல் நாஷ்வில் நகரில் பதிவானது. குரல் வழவழவென்று குழைந்து வருகிறது. அடுத்த பாட்டு 1961. இருபது வயது இளைஞனின் கரடுமுரடான தொண்டை, ஒரு கிதார், ஒரு ஹார்மோனிகா. இரண்டும் ஒரே ஆள் என்று நம்பவே சிரமமாக இருக்கும். மூன்றாவது 1970, நான்காவது 1967, ஐந்தாவது 1965இல் தனியாகப் பியானோவில் பாடியது. பொருள் ஒன்று, குரல் ஐந்து. ஆண்டு வரிசையில் அடுக்கியிருந்தால் இந்த ஐந்தும் வெவ்வேறு தட்டுகளில் சிதறியிருக்கும், ஒன்றின் அருகில் மற்றொன்று நிற்கும் வியப்பு கிடைத்திருக்காது.

இரண்டாம் பக்கத்தில் சமூகப் பாடல்கள் ஐந்து. 'புளோயிங் இன் தி விண்ட்', 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்' ஆகியவை இங்கேதான். மூன்றாம் பக்கம், 1962இல் டிரம்ஸ் வாத்தியத்தோடு குழுவாகப் பதிவு செய்த பாட்டில் தொடங்குகிறது. டிலன் 1965இல்தான் திடீரென்று குழு இசைக்குத் தாவினார் என்ற பழைய கதையை இந்த ஒரு பதிவே கலைத்துவிடும்.

சிடியில் இது எப்படிக் கெடுகிறது? பத்துப் பக்கம் மூன்று சிடிகளாகிவிட்டது. தட்டில் ஒன்பது இடைவெளிகள் இருந்த இடத்தில் இப்போது இரண்டே இரண்டு. எழுந்து போய்த் தட்டைத் திருப்பும் அந்த ஓய்வு போனதும், தனித்தனி அத்தியாயங்கள் ஒரே நீண்ட ஓட்டமாகிவிடுகின்றன. சிடியிலோ கைப்பேசிச் செயலியிலோ கேட்பவர்கள் முதல் ஐந்து பாடல்களுக்கு ஒரு பிளேலிஸ்ட், அடுத்த ஐந்துக்கு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். செயலியில் பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை அணையுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதியையும் அணையுங்கள். ஒலி அளவைப் பாட்டுக்குப் பாட்டு சமன் செய்யும் வசதி இருந்தால், அதை ஆல்பம் முழுவதற்கும் சேர்த்து என்று மாற்றுங்கள். இல்லையென்றால் தனிக் கிதாரும் முழுக் குழுவும் ஒரே சத்தத்தில் ஒலிக்கும். அருகிலிருந்து பாடுவதற்கும் மேடையிலிருந்து பாடுவதற்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும்.

பழைய தட்டுகளை வாங்குவோருக்கும் ஒரு வழி சொல்கிறேன். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்கிறது. வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் விநாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் தடம் ஓடும். உள் ஓரத்தில் இருபதை ஒட்டித்தான் ஓடும். அந்தக் குறுகிய தூரத்தில் அத்தனை ஒலியையும் செதுக்க வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் டிரம்ஸின் சிம்பல் ஒலியும் 'ஸ்' ஓசையும் கரகரக்கும். இந்தப் பெட்டியில் முதல் பக்கம் தனிப் பியானோவில் முடிகிறது, இரண்டாம் பக்கமும் பத்தாம் பக்கமும் தனிக் கிதாரில் முடிகின்றன. உள் ஓரத்துக்கு ஏற்ற பாடல்கள் அவை.

வாங்கும் முன் முதல் பக்கத்தின் அந்தப் பியானோப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். தட்டின் நடுத்துளை சற்றே விலகியிருந்தால், நீண்டு நிற்கும் சுரங்கள் 1.8 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அது. துளையின் விலகல் ஒரே அளவுதான் என்றாலும், ஆரம் குறைந்த உள் ஓரத்தில் அதன் விளைவு கூடும். கிதாரின் ஒலி விரைவில் அடங்கிவிடுவதால் இந்தக் குறை அதில் அவ்வளவாகப் பிடிபடாது. பியானோ காட்டிக்கொடுத்துவிடும்.

இனி பெட்டியின் இதயம் என்று நான் கருதும் பகுதி. 1974 செப்டம்பரில் டிலன் நியூயார்க்கில் 'பிளட் ஆன் தி டிராக்ஸ்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்து முடித்தார். டிசம்பரில் மினியாபொலிஸ் நகரில் வேறு கலைஞர்களோடு அதில் பாதியை மறுபடி பாடினார். பயோகிராஃபில் 'யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்' நியூயார்க் வடிவத்தில் இருக்கிறது. 'டேங்கிள்ட் அப் இன் புளூ' மினியாபொலிஸ் வடிவத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் பாடி, ஆல்பத்தில் சேர்க்காமல் விட்ட 'அப் டு மீ'யும் இருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நியூயார்க்கில் குரல் மனத்துக்குள்ளேயே பேசுகிறது, மினியாபொலிஸில் எதிரே ஆள் நிற்பதுபோல் பேசுகிறது. அந்த ஆல்பத்தோடு சேர்ந்து கிதார் வாசிக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: நியூயார்க் பதிவுகளை ஆல்பத்துக்காக இரண்டு முதல் மூன்று சதவீதம் வேகப்படுத்தினார்கள். மூன்று சதவீதம் என்றால் அரைச்சுரத்தில் பாதி. உங்கள் சுருதி சேரவில்லை என்றால் பிழை உங்கள் கையில் இல்லை.

பெட்டிக்குக் குறை இல்லாமல் இல்லை. 1985இல் வந்தும் 1981க்குப் பிந்தைய பதிவு ஒன்றுகூட இல்லை. 1991இல் வந்த அடுத்த பெட்டி 58 பதிவுகளோடு அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைத்தது. 2015இல் 1965, 66ஆம் ஆண்டுகளின் பதிவுகளுக்கு மட்டும் 18 சிடி கொண்ட பதிப்பே வந்தது. 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டின் முயற்சிகளே ஒரு சிடி அளவுக்கு இருக்கின்றன. ஆய்வுக்கு அது பொக்கிஷம். ஆனால் முதல்முறை டிலனைக் கேட்கப் போகிறவரிடம் நான் பயோகிராஃபைத்தான் கொடுப்பேன்.

பத்தாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஃபாரெவர் யங்'. 1973 ஜூனில் தனியாகக் கிதாரோடு பாடிய மாதிரிப் பதிவு. அதைக் கேட்டு முடித்ததும் 1974இல் வந்த 'பிளானெட் வேவ்ஸ்' தட்டை எடுங்கள். அதே பாட்டு அதில் இரண்டு முறை வருகிறது. மெதுவான வடிவம் முதல் பக்கத்தின் கடைசியில், வேகமான வடிவம் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில். நடுவில் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும்.