குதிரைச் சந்தைக்குக் கால்சட்டையில் சென்ற ஓவியர்

வணக்கம். திரையில் நீங்கள் காண்பது பிரெஞ்சுப் பெண் ஓவியர் ரோஸா போனேர் தீட்டிய ‘குதிரைச் சந்தை’. ஐந்து மீட்டர் அகலமும் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள இந்த ஓவியம் 1853இல் பாரிஸின் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திமிறும் குதிரைகளின் கழுத்தை உற்றுப் பாருங்கள். இதற்காக அவர் ஒன்றரை ஆண்டு, வாரம் இருமுறை, ஓபித்தால் பெருவீதியில் கூடிய சந்தைக்குச் சென்று கோட்டோவியங்கள் வரைந்தார். வியாபாரிகளின் பார்வை தம்மேல் விழாதிருக்க, ஆண்களின் உடையிலேயே சென்றார்.

அப்படி உடுத்துவது அன்றைய பாரிஸில் எளிதன்று. ஆண் உடை அணிய விரும்பும் பெண் காவல்துறைத் தலைமையகத்துக்கு நேரில் வந்து, மருத்துவச் சான்றின் பேரில் அனுமதி பெற வேண்டும் என்று 1800 நவம்பரில் ஆணை பிறந்திருந்தது. 1857 மே 12ஆம் நாளிட்ட அவருடைய அனுமதிச் சீட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. அது ஆறு மாதங்களுக்கே செல்லும். நாடகம், நடன விருந்து முதலிய பொது இடங்களுக்கு அந்த உடையில் போகக் கூடாது. காரணம், உடல்நலம் என்று எழுதியிருக்கிறது. தொழிலுக்காகக் கால்சட்டை கேட்ட ஒருவரை நோயாளியாக்கித்தான் அனுமதித்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அதே ஆண்டுகளில்தான் பாவாடைகள் முன்னெப்போதையும்விட விரிந்தன. 1855இல் ஓவியர் வின்டர்ஹால்டர் வரைந்த படத்தில் பிரான்சின் பேரரசி யூஜெனியும் அவருடைய தோழியரும், தரையெல்லாம் பரவிய பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் நடுவே அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டே பாவாடையை விரித்து நிறுத்தும், எஃகு வளையங்களாலான கிரினோலின் கூடு சந்தைக்கு வந்தது. அந்த உடையோடு குதிரைகளின் குளம்புகளுக்கிடையே நடக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பேரரசியே 1865இல் ஃபோந்தேன்புளோ காட்டை ஒட்டிய போனேரின் இல்லத்துக்கு வந்து, பிரான்சின் உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஹானரை அணிவித்தார். அவ்விருதைப் பெற்ற முதல் பெண் ஓவியர் போனேரே.

இன்னொரு படத்தையும் காட்ட விரும்புகிறேன். அனுமதிச் சீட்டு பெற்ற அதே 1857இல் எதுவார் துபூஃப் தீட்டிய அவருடைய உருவப்படம் இது. உடை பெண்ணுடைய உடைதான். முதலில் அவர் மேசைமேல் சாய்ந்திருப்பதாகத்தான் துபூஃப் வரைந்திருந்தார். போனேரோ அந்த மேசையை விலக்கிவிட்டு, அங்கே ஒரு காளையைத் தம் கையாலேயே தீட்டினார்.