இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகியும் அம்மா கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்குறாங்களா?

அடுத்த கேள்வி, மன்னார்குடியிலேருந்து ஒரு அக்கா. அம்மாவுக்கு 76 வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புகிட்ட எலும்பு உடைஞ்சு, பாதி மூட்டு மாத்தி 18 நாளாகுது. எக்ஸ்ரே நல்லாருக்காம். ஆனா இறங்க மாட்டேங்குறாங்க, ரெண்டு நாளா ராத்திரியில சம்பந்தமில்லாம பேசுறாங்க, என்ன செய்யலாம்னு கேக்குறாங்க.

அக்கா, அம்மா ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறாங்க? காலைப் பத்திக் கேட்டா தண்ணியப் பத்திப் பேசுறானேன்னு பாக்காதீங்க. நான் வீடு வீடாப் போற பிசியோதெரபிஸ்ட். ஒரு வீட்டுல சொம்புத் தண்ணி வெச்சது வெச்சபடியே இருந்துச்சு. மருமக அடுப்படிக்குப் போனதும் அந்தப் பாட்டி என்னைக் கிட்ட கூப்பிட்டு, "குடிச்சா ஒண்ணுக்கு வருது தம்பி. பாவம், அவளை எத்தனை தடவை எழுப்புறது?"ங்குறாங்க. மருமக என்னடான்னா, அத்தைக்குத் தாகமே எடுக்கலைன்னு நெனச்சிட்டு இருக்கு!

தண்ணி குறைஞ்சா மலச்சிக்கல், யூரின்ல இன்ஃபெக்‌ஷன். வயசானவங்களுக்கு அதுலயே புத்தி தடுமாறும். வலி, புது மாத்திரையாலயும் வரலாம். அம்மாவுக்கு மூளை கலங்கிடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க, ஆனா நாளைக்குப் பாக்கலாம்னும் விடாதீங்க. இன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. பகல்ல கண்ணாடி போட்டு விடுங்க, ராத்திரி சின்ன லைட் எரியட்டும்.

நடக்குறதுக்கு வருவோம். பொதுவா ஆபரேஷனுக்கு மறுநாளே நிக்க வெப்பாங்க. காலை எவ்வளவு ஊணலாம்னு சர்ஜன்கிட்ட கேட்டுக்கோங்க. வலி மாத்திரை குடுத்து அரை மணி நேரம் கழிச்சு வாக்கரைப் பிடிக்கச் சொல்லுங்க. வலியோட எழுப்பிட்டு, "அம்மா ஒத்துழைக்க மாட்டேங்குறாங்க"ன்னா எப்படி? மொத நாள் கட்டில்லேருந்து சேர் வரைக்கும் போனா போதும். கமோடு சேர் உசரமா இருக்கணும். முக்காலி, சம்மணம், குத்த வெக்கிறது எதுவும் இப்ப வேண்டாம், மூட்டு நழுவிடும். கெண்டைக்கால் வீங்கினா, திடீர்னு மூச்சு வாங்கினா உடனே ஆஸ்பத்திரி.

2021லேருந்து தமிழ்நாடு அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர்றாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. செக்கப் போறப்ப எலும்பு பலமில்லாமப் போறதுக்கும் (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து கேளுங்க, அதை நெறைய பேர் விட்டுடுறாங்க.

அப்புறம், அம்மா கையில ஒரு காலிங் பெல் குடுங்க. 100 தடவை அடிச்சாலும் வருவேன்னு நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க. ராத்திரி முறைக்கு உங்க தம்பியையும் கூப்பிடுங்கக்கா, அவருக்கும் அம்மாதானே.